தன்னைத் தானே அளந்தறிதல்: பெரியவர்களிடம் ஆட்டிச இயல்புகள்

(திருப்பதி மாவட்டம் நாகலாபுரத்தில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



வேதநாராயணர் கோயில் கொண்டுள்ள இவ்வூரில், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் மாறி மாறி ஒலிக்கும் இச்சூழலில், இப்பொருளைப் பற்றிப் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. நான் மருத்துவன் அல்லன், பொருளியல் பயின்றவன். மைய அரசுப் பணியில் கணக்கும் கோப்புமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே மருத்துவர் கூற வேண்டியவற்றை மருத்துவருக்கே விட்டுவிட்டு, அளவுகோல், எண், சட்டம், அலுவலக நடைமுறை ஆகியவை இப்பொருளை எங்கெங்கே தொடுகின்றனவோ அங்கு மட்டும் நிற்க விரும்புகிறேன்.

முப்பது, நாற்பது வயதைக் கடந்த ஒருவர், "எனக்கு ஆட்டிசம் இருக்குமோ?" என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வது முன்பு கேள்விப்படாத செய்தி. இன்று அது புதிதன்று. பெரும்பாலும் இவ்வினா பிள்ளையின் வழியாகவே எழுகிறது. மூன்று வயது மகனையோ மகளையோ மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தந்தை, அவர் அடுக்கும் அடையாளங்களைக் கேட்கும்போது தம் இளமைக் காலத்தையே கேட்பதாக உணர்கிறார். வேறு சிலர் கைப்பேசியில் சுற்றிவரும் வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பி, இறுதியில் வரும் எண்ணைக் கண்டு திகைக்கின்றனர். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இன்றைய உரையின் மையம்.

பெயரும் அதன் வரலாறும்

1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகிற்கு விளக்கிய முதற் கட்டுரைகளுள் ஒன்று அது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசினாலும் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஜெர்மன் மொழியிலிருந்த அவ்வெழுத்து நெடுங்காலம் பலர் கண்ணிற் படவில்லை. 1981-இல் லண்டனைச் சேர்ந்த லோர்னா விங் அதனை மீண்டும் எடுத்துரைத்த பிறகே, பேச்சும் அறிவுத்திறனும் குறைவுபடாத மக்களிடமும் இவ்வியல்புகள் உண்டு என்ற எண்ணம் பரவியது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் கையேடு, தனித்தனியே வழங்கிய பெயர்களை ஒழித்து, எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியலும் அவ்வழியையே பின்பற்றி, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

தமிழில் இதற்கு இன்னும் பெயர் நிலைபெறவில்லை. "மதியிறுக்கம்" என்பர் சிலர். "புற உலகச் சிந்தனையற்றோர்" என்பது தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் வழங்கும் தொடர். இரண்டுமே எனக்கு உவப்பானவை அல்ல. முன்னது அறிவே சுருங்கியதெனத் தோன்றச் செய்கிறது. பின்னதோ, உலகத்தின் ஒவ்வோர் ஒலியையும் ஒளியையும் மற்றவரினும் மிகுதியாக உணர்ந்து தவிக்கும் ஒருவரை, உலகச் சிந்தனையே அற்றவர் என்கிறது. எனவே "ஆட்டிசம்" என்ற சொல்லையே கையாள்கிறேன். இங்குள்ள தெலுங்கு நண்பர்களும் அச்சொல்லையே வழங்குகின்றனர் என்பது கூடுதல் வசதி.

கானர் தம் கட்டுரையில் முதலாவதாக விவரித்த சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். அவர் அவ்வூர் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், காரோட்டினார், தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் சென்றார், 2023-இல், 89-ஆம் வயதில் மறைந்தார். ஊரார் அவரை அவருடைய இயல்புகளோடு ஏற்றுக்கொண்டனர் என்று அவரைச் சந்தித்து எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பொருளியல் மாணவர்கள் இதில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அவ்வங்கி அவருடைய தாயின் குடும்பத்தோடு தொடர்புடையது. ஊரின் அன்பு உண்மைதான். அதன் பின்னே செல்வமும் இருந்தது. வேலை தேடி நேர்காணலுக்குச் செல்ல வேண்டிய நிலையில் அவர் இருந்திருப்பின் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்பதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

வினாப்பட்டியல்கள்

பெரியவர்கள் தாமே நிரப்பும் பட்டியல்களுள் மிகுதியாக வழங்குவது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோஹனும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட "ஆட்டிச இயல்பு அளவு" என்பது. இதில் 50 கூற்றுகள் உள்ளன. பழகுந்திறன், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் திறன், நுணுக்கங்களில் கருத்தூன்றுதல், கருத்துப் பரிமாற்றம், கற்பனை என ஐந்து பகுதிகள். பகுதிக்குப் பத்துக் கூற்றுகள். ஒவ்வொன்றிற்கும் உடன்பாடா இல்லையா என்று குறிக்க வேண்டும். 32 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண்ணை எல்லையாகக் கொண்டனர். இதன் சுருக்கமாகப் பத்துக் கூற்றுகள் கொண்ட பட்டியல் 2012-இல் வந்தது. அதில் எல்லை 6.

அலுவலக நண்பர்களுக்காக ஒரு சிறு செய்தி. இங்கிலாந்தின் நைஸ் என்னும் வழிகாட்டு நிறுவனம் அந்தப் பத்துக் கூற்றுப் பட்டியலைப் பரிந்துரைத்தபோது "6-க்கு மேல்" என்று அச்சிட்டுவிட்டது. "6 அல்லது அதற்கு மேல்" என்று அது திருத்தப்பட்டது 2021-இல்தான். இடைப்பட்ட காலத்தில் சரியாக 6 பெற்றவர்கள் எல்லைக்கு இப்புறம் நின்றார்களா, அப்புறம் நின்றார்களா? அரசாணைகளில் "மேற்பட்ட", "குறையாத" என்னும் சொற்களுக்காக மணிக்கணக்கில் வாதிட்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

எல்லை என்பதே மனிதர் வகுத்துக்கொண்ட ஒன்று என்பதையும் மறக்கலாகாது. 2005-இல், மருத்துவ மையத்திற்கு அனுப்பப்பட்ட பெரியவர்களை வைத்து இதே 50 கூற்றுப் பட்டியலை ஆராய்ந்தபோது, 26 என்ற எல்லையே பொருத்தமெனக் கண்டனர். ஆட்களின் தொகுதி மாறினால் எல்லையும் மாறுகிறது.

இனி, கணக்கிற்கு வருவோம். 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, ஆட்டிசம் உறுதி செய்யப்பட்ட 58 பெரியவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 32-ஐ எட்டினர். பொது மக்களிலிருந்து எடுக்கப்பட்ட 174 பேரில் எட்டியவர்கள் 2 விழுக்காட்டினரே. இதனைப் படிப்பவர், "32 வந்துவிட்டது, எனவே எனக்கு ஆட்டிசம் இருக்க 80 விழுக்காடு வாய்ப்பு" என்று முடிவு செய்துவிடுகிறார். அது தவறு. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று கொள்வோம். 2007-இல் இங்கிலாந்தில் வீடு வீடாக நடத்திய ஆய்வு ஏறக்குறைய அவ்வளவே எனக் காட்டியது. ஆயிரம் பேர் பட்டியலை நிரப்பினால், ஆட்டிசம் உள்ள 10 பேரில் 8 பேர் எல்லையைத் தாண்டுவர். மற்ற 990 பேரில் 2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 பேர், அவர்களும் தாண்டுவர். தாண்டியவர் மொத்தம் 28. அவர்களுள் உண்மையானவர் 8. ஏழில் இரண்டு பங்கு! அதே வேளையில், ஆட்டிசமுள்ள இருவர் "இல்லை" என்ற விடையோடு வீடு திரும்பியிருப்பர். சோதனையில் குறை ஏதுமில்லாமலே இவ்வளவும் நேர்கின்றன. அரிதான ஒன்றைத் திரளான மக்களிடையே தேடும் எந்தச் சோதனைக்கும் இதுவே கதி. புள்ளியியல் மாணவர்கள் விழுக்காடுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சியாகும்.

"அவ்வாறாயின், ஐயமுற்று மருத்துவரிடம் வந்தவர்களிடையே மட்டும் சோதித்தால் துல்லியம் கூடாதா?" என்று கேட்கலாம். தாளில் கூடும். நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. லண்டனில் மருத்துவ மையத்திற்கு அனுப்பப்பட்ட 476 பெரியவர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான கட்டுரையில், ஆட்டிசம் இல்லையென முடிவான பலரும் எல்லையைத் தாண்டியிருந்தனர். எல்லைக்குக் கீழிருந்தவர்களில் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்தனர். காரணம் எளிது. அங்கு வருவோர் தெருவில் செல்லும் பொது மக்கள் அல்லர். மனப்பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றால் அவதியுறுவோர். பதற்றம் மிகுந்தவரும் கூட்டத்தைத் தவிர்க்கிறார். அவரும் "பழகுவது கடினம்" என்றே குறிக்கிறார்.

பட்டியலை வகுத்தவர்களே அது நோயறியும் கருவி அன்று என்று தொடக்கத்திலேயே கூறிவிட்டனர். தாளைப் பெருக்கிப் பரப்புவோர் அவ்வரியை விட்டுவிடுகின்றனர்.

நம் மண்ணில் இவ்வினாக்கள்

கேம்பிரிட்ஜில் எழுதிய கூற்றுகளை நாகலாபுரத்தில் நிரப்பினால் என்ன ஆகும்? நாடக அரங்கிற்குச் செல்வதா, அருங்காட்சியகத்திற்குச் செல்வதா, எது விருப்பம் என்ற பொருள்பட ஒரு கூற்று உள்ளது. இவ்வட்டாரத்தில் வளர்ந்த ஒருவர் இரண்டிற்குமே சென்றிராமல் இருக்கலாம். விருந்துக் கூட்டமா நூலகமா என்ற பொருளில் மற்றொன்று. தேர்வுக்குப் படிக்கும் மாணவரை இவ்வாறு கேட்டால் நூலகம் என்றே கூறுவார். அது அவருடைய நிலைமை. இயல்பு என்று கொள்வதற்கில்லை. எண்களிலும் தேதிகளிலும் ஈடுபாடு உண்டா என்பது வேறொன்று. பஞ்சாங்கம் கணிப்பவரையும், முப்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணியாற்றும் என் தோழர்களையும் இக்கேள்வி என்ன செய்யும் என்று எண்ணிப் புன்னகை கொள்கிறேன். அக்கட்டுரையிலேயே, கேம்பிரிட்ஜ் மாணவர்களில் அறிவியல் பயில்வோர் மற்றவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர் என்ற செய்தியும் உண்டு.

கண்ணோடு கண் நோக்காமை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பெரியோர் முன்னிலையில் தலை தாழ்த்தி நிற்பது நம்மிடையே மரியாதை. அதிலும் பெண்களின் நிலை தனிக் கவனத்திற்குரியது. அதிகம் பேசாத, வெளியே செல்ல விரும்பாத, ஒரே ஒழுங்கில் வேலைகளைச் செய்துவரும் மருமகளை "அடக்கமான பெண்" என்று ஊர் பாராட்டுகிறது. அவள் உள்ளத்தில் படும் பாட்டை எவரும் வினவுவதில்லை. மற்றவர் பேசும் முறையைப் பார்த்துப் பார்த்துப் பழகி, தன் இயல்பை மறைத்துக்கொள்ளும் முயற்சியை ஆராய்ச்சியாளர்கள் தனியாகவே அளக்கத் தொடங்கியுள்ளனர். 25 கூற்றுகள் கொண்ட அத்தகைய பட்டியல் 2018-இல் வெளியாயிற்று. அத்துணைத் திறமையாக மறைப்பவர் தற்சோதனையிலும் மறைந்துபோகக் கூடும்.

கானர் காலத்திலிருந்து இன்றுவரை மருத்துவர் முதலில் கேட்பது இளமைப் பருவத்தைப் பற்றியே. ஆட்டிசம் நாற்பது வயதில் தொடங்குவதில்லை. வாழ்க்கையின் சுமை மிகும்வரை வெளித்தெரியாமல் இருக்கலாம், ஆயினும் வேர் குழந்தைப் பருவத்தில்தான். மேலும் அவ்வியல்புகளால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வினாப்பட்டியல் இவ்விரண்டையும் அறியாது. நம் ஊர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளை எப்போது முதற் சொல் பேசியது, எவ்வாறு விளையாடியது, கோயில் மேளச் சத்தத்திற்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியதா என்பதையெல்லாம் நினைவிற் கொண்ட பாட்டியோ அத்தையோ இன்னும் அடுத்த தெருவில் இருப்பார். பெருநகரத்து மருத்துவருக்கு எளிதிற் கிடைக்காத சாட்சியம் இது.

அளவும் சான்றிதழும்

நம் நாட்டிற்கென உருவாக்கிய கருவி "ஐசா" எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். செகந்தராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் இதனை உருவாக்கியது. சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் மொழியும், நடத்தை, புலனுணர்வு, அறிதிறன் என்னும் ஆறு பகுதிகளில் 40 இனங்கள். இனத்திற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை இலேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. 2016 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குவதற்குரிய கருவியாக மைய அரசு இதனை அறிவித்தது. இது பயிற்சி பெற்றவர் கண்டும் கேட்டும் நிரப்புவது, தாமே நிரப்புவதன்று. குழந்தைகளையே பெரிதும் கருத்திற்கொண்டு எழுந்தமையால், வேலை பார்த்து, திருமணமும் செய்துகொண்ட ஒரு பெரியவரின் இடர்கள் இதில் முழுமையாகப் பதிவாகுமா என்பது என் ஐயம்.

சட்டத்தின் பயணம் நீண்டது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்து, குறைபாடுகளின் பட்டியலை 7-இலிருந்து 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசத்திற்கும் இடமுண்டு. ஆயின் 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு என மருத்துவக் குழு சான்றளித்தால்தான் ஒதுக்கீடு கிட்டும். ஆந்திரத்தில் "சதரம் முகாம்" என்று மக்கள் அறிந்திருப்பது இத்தகைய சான்றிதழுக்கான ஏற்பாடே. தாமே நிரப்பிய தாளை எடுத்துக்கொண்டு அங்கே சென்று வரிசையில் நிற்பதில் பயனில்லை.

குழந்தைகளுக்கோ 2013 முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சோதனை நடைபெறுகிறது. பதினெட்டு வயதோடு அது நின்றுவிடுகிறது. அப்பெயர் பாடத்திட்டத்திலேயே இல்லாத காலத்தில் பள்ளி சென்றவர்களுக்கு எந்த முகாமும் நடந்ததில்லை. 2011 மக்கள் கணக்கெடுப்பிலும் ஆட்டிசத்திற்கெனத் தனிப்பத்தி கிடையாது. கணக்கில் வாராதவர்க்குத் திட்டத்தில் நிதி ஒதுக்குவது எவ்வாறு?

இதனால் விளைவது வெறும் மனக்குறை அன்று. இங்கிலாந்தில் புதிதாக ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரையில், மூன்றில் இரண்டு பங்கினர் தம் வாழ்நாளில் தற்கொலை எண்ணத்திற்கு ஆளாகியிருந்தனர். காலம் தாழ்த்தினால் இழப்பது உயிராகவும் இருக்கலாம். மறுபுறம், தவறாகத் தமக்கு ஆட்டிசம் என முடிவு செய்துகொண்டவர், மருந்தால் குணமாகக் கூடிய மனச்சோர்வையோ, கருவியால் சரிசெய்யக் கூடிய காது கேளாமையையோ கவனியாமல் விட்டுவிடுவார். இரு பிழைகளுக்கும் விலை உண்டு. இரண்டும் ஒரே விலை அல்ல. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், பட்டியலைக் கூட்டங்கூட்டமாக நிரப்பச் செய்து 28 பேரை அனுப்பினால், வரிசையின் நீளத்தால் அந்த 8 பேரே பின்னுக்குத் தள்ளப்படுவர். ஆகவே எல்லோருக்கும் சோதனை என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. இடர்ப்படும் ஒருவர், தம் இடரை மருத்துவரிடம் எடுத்துரைக்கச் சொற்கள் கிடைக்காமல் தவிக்கும்போது, பட்டியல் அவருக்குச் சொற்களைத் தருகிறது. அதன் பயன் அவ்வளவே; அது சிறிதன்று.

2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற வெர்னான் ஸ்மித், ஆஸ்பெர்கர் இயல்புகள் தமக்கு உண்டென்பதை 2005-இல் வெளிப்படையாகக் கூறினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டை ஒட்டியிருந்தது. இச்செய்தியைக் கேட்டு, ஆட்டிசமுள்ளோர் எல்லோரும் மேதைகள் என்று எவரும் எண்ண வேண்டா. அவ்வெண்ணமும் ஒரு சுமையே.

அலுவலர்களுக்குச் சில சொற்கள்

ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். பேரேட்டில் ஒரு பைசா பிசகாது. தேநீர் வேளையில் எவரோடும் சேரார். மேசையை இடம் மாற்றினால் இரண்டு நாள் வேலை ஓடாது. மேலதிகாரியின் வாய்மொழிக் குறிப்பை அப்படியே சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி, "கிண்டல் செய்கிறாயா?" என்று ஏச்சு வாங்குவார். மதிப்பீட்டு அறிக்கையில் "ஒத்துழைப்புக் குறைவு" என்றெழுதப் பேனா தானே ஓடும். அவருக்கு ஆட்டிசம் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டியலை அவர் மேசைமீது வைக்கவும் வேண்டா. அது அத்துமீறல். ஆனால் வாய்மொழி ஆணையை எழுத்தில் தருவதற்கும், இடமாற்றத்தை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிப்பதற்கும், கூடத்தின் நடுவிலுள்ள நாற்காலியைச் சுவரோரம் மாற்றுவதற்கும் எவருடைய சான்றிதழும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமான இணக்க ஏற்பாடு" என்று கூறுவதன் சாரம் இதுவே: அலுவலகத்தின்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத, தேவையான மாற்றம். மேற்சொன்னவற்றிற்கு நிதித் துறையின் ஒப்புதல்கூட வேண்டியதில்லை. இதனை அனுபவத்தில் கூறுகிறேன்.

மதிப்பெண்ணை எவரிடம் கூறுவது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சிற்றூரில் செய்தி வேகமாகப் பரவும். பெண் பார்க்கும் வீடு வரை செல்லும். தாமே நிரப்பிய தாளைப் பணிப்பதிவேட்டில் சேர்க்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. சேர்க்கும்படி கோரும் உரிமை அதிகாரிக்கும் இல்லை.

ஐயம் நீங்க விரும்புவோர் இங்கிருந்து திருப்பதி ருயா அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திற்கோ செல்லலாம். நாகலாபுரம் இரண்டிற்கும் இடைப்பட்ட ஊரே. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளது. மனம் மிகவும் கலங்கியிருப்பின், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். மருத்துவரிடம் செல்லும்போது நிரப்பிய தாளைக் கொண்டுசெல்வதில் தவறில்லை. அத்தாளின் பின்பக்கத்தில் மூன்று செய்திகளை உங்கள் மொழியில் எழுதிச் செல்லுங்கள்: சிறுவயதில் வீட்டார் கண்டவை, பள்ளியில் நேர்ந்த இடர்கள், இன்று வேலையிலும் வீட்டிலும் தடையாக நிற்பவை. கூடுமானால் உங்களைக் குழந்தையாக அறிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.